சொட்டுக் கணக்கு



வங்கியில் பணியாற்றியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாலையில் கணக்கு முடிக்கும்போது வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். கணினி வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், ஒரு ரூபாயைத் தேடி இரவு பத்து மணி வரை பேரேடுகளைப் புரட்டிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. ‘ஒரு ரூபாய்தானே, என் சட்டைப் பையிலிருந்து போட்டுவிடுகிறேன்’ என்று புதிதாக வந்த இளைஞர் யாராவது சொன்னால் மேலாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். ‘ரூபாய் எங்கே போயிற்று என்பதல்ல தம்பி கேள்வி. அது போன வழி எது என்பதுதான் கேள்வி. அந்த வழியை அடைக்காவிட்டால் நாளைக்கு நூறு ரூபாய் போகும்’ என்பார்.

இப்படி முப்பத்தைந்து ஆண்டுகள் பழகிய நான், என் சொந்த வீட்டில் நீரும் மின்சாரமும் போன வழியைப் பார்க்கத் தவறினேன். அந்தத் தவற்றை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் தாயார். இந்த வாரம் அதைப் பற்றிச் சொல்லவே விரும்புகிறேன். வீட்டிலுள்ள பெரியவர்கள், இல்லத்தரசிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய சில எளிய வழிகளையும் உடன் சொல்கிறேன்.

ஊரணி கண்ட கண்கள்

என் தாயார் பிறந்தது இராமநாதபுரம் சீமையில் ஒரு சிற்றூர். அங்கே ஊரணி நீர்தான் குடிநீர். அந்த ஊரணியில் கால் கழுவ மாட்டார்கள். துணி துவைக்க மாட்டார்கள். கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். கோயில் வாசலில் எப்படியோ அப்படியே ஊரணிக் கரையிலும். ஏழு வயதில் இடுப்பில் குடத்துடன் நடக்கத் தொடங்கியவர் அவர். அதனால் எண்பது வயதைக் கடந்த பிறகும், நிரம்பிய ஒரு சொம்பு நீரைப் பார்த்தால் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். குடித்த டம்ளரில் மிஞ்சிய நீரை ஒருநாளும் கழுநீர்த் தொட்டியில் ஊற்ற மாட்டார். எழுந்து போய்த் துளசி மாடத்தில் விட்டுவிட்டு வருவார்.

2019ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் குடிநீர் கொண்டுவந்தார்கள். ஒரு வண்டியில் 50 வேகன்கள். மொத்தம் 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் கிணறும் வறண்டது. ஆழ்குழாயில் நீர் நூலாக வந்தது. 12,000 லிட்டர் கொள்ளும் லாரி நீரை, கேட்ட விலையைக் கொடுத்து இரண்டு முறை வாங்கினேன்.

அப்போது அம்மாவுக்கு 84 வயது. ஒருநாள் காலையில் என்னிடம், “ராத்திரியில எங்கேயோ தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுப்பா” என்றார்.

“பக்கத்து வீட்டு மோட்டாரா இருக்கும்மா. நீங்க தூங்குங்க” என்றேன். அடுத்த வாரமும் சொன்னார். வயதானவர்களுக்குக் காதில் ஏதேதோ ஒலி கேட்பது இயல்புதான் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்து, அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டேன். அதன் பிறகு அவரும் சொல்லவில்லை.

மூன்று மாதங்கள் கழிந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பூஜையறையில் விளக்கேற்றி எழுந்த அம்மா, தலை சுற்றிச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் வந்து பார்த்தார். நாவையும் தோலையும் பார்த்துவிட்டு, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் மனைவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அத்தை ரொம்ப நாளா அரை வாளித் தண்ணியிலதான் குளிக்கிறாங்க. குடிக்கிறதையும் குறைச்சுட்டாங்க. நான் கேட்டா, ‘காசு கொடுத்துத் தண்ணி வாங்குறான், பாவம்’னு சொல்றாங்க.” உடலில் நீர்ச்சத்து குறைந்ததுதான் மயக்கத்துக்குக் காரணம் என்றார் மருத்துவர்.

அன்றிரவு அம்மாவின் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தேன். நள்ளிரவு கடந்து ஊர் அடங்கிய பிறகு எனக்கும் அந்த ஒலி கேட்டது. மெல்லிய, விடாத, சீறுவது போன்ற ஓர் ஒலி. எழுந்து அதைத் தேடிப் போனேன். அம்மாவின் அறையை ஒட்டிய கழிவறையில், நீர் விடும் தொட்டிக்குள்ளிருந்து அது வந்தது. கோப்பைக்குள் கண்ணாடித் தகடு போல நீர் இடைவிடாமல் வழிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் காலையில் வங்கிக்காரனின் புத்தி விழித்துக்கொண்டது. தொட்டிக்கு நீர் வரும் சிறு குழாயை மூடினேன். நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். அரை மணி கழித்து, குறைந்த அளவை ஒரு லிட்டர்க் குவளையால் மீண்டும் நிரப்பினேன். ஐந்து குவளை பிடித்தது. அரை மணிக்கு 5 லிட்டர் என்றால் ஒரு மணிக்கு 10. ஒரு நாளைக்கு 240. அம்மா முதன்முதல் சொன்ன நாளிலிருந்து ஏறக்குறைய 90 நாட்கள். பெருக்கினால் 21,600 லிட்டர். நான் விலை கொடுத்து வாங்கிய இரண்டு லாரி நீரில் மிகப் பெரும் பகுதி, ஒருவருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குப் போயிருந்தது.

அம்மாவின் அரை வாளி என்பது ஏறத்தாழ 10 லிட்டர். ஒரே நாளில் நான் வீணாக்கியது அவருடைய 24 நாள் குளியல் நீர். தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம்தான் காரணம். குழாய்ப் பணியாளர் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். வளையத்தின் விலை நூறு ரூபாய் கூட இல்லை.

அன்று மாலை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீதான் அன்னிக்கே மோட்டார்னு சொன்னியே, சரிதான்னு நினைச்சேன்” என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. என் சொல்லை அவர் நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உளுந்து மூழ்கும் அளவு

நம் சமயம் நீரையும் நெருப்பையும் வெறும் பொருள்களாகப் பார்க்கவில்லை. திருவானைக்காவில் இறைவன் நீராக விளங்குகிறான். கருவறையிலேயே நீர் ஊறுவதை அங்கே தரிசிக்கிறோம். திருவண்ணாமலையில் அவனே நெருப்பாக நிற்கிறான். ஆடிப் பதினெட்டில் காவிரிக்குப் படையலிடுகிறோம். எந்த நற்செயலையும் கலசத்தில் நீர் நிரப்பி, தீபம் ஏற்றித் தொடங்குகிறோம். இவ்வளவும் செய்கிற நாம், வீட்டுக் குழாயைத் திறந்தவுடனும் மின்விசையைத் தட்டியவுடனும் அந்த நினைவை இழந்துவிடுகிறோம்.

ஆசமனம் செய்யும்போது உள்ளங்கையில் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும்? ஓர் உளுந்து மணி மூழ்கும் அளவு என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நீரைப் புனிதம் என்று சொன்னவர்கள் அதற்கு அளவும் சொல்லி வைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

திருக்கோயில்களில் கருவறையின் வடபுறத்துக் கோமுகியைப் பார்த்திருப்பீர்கள். அபிஷேக நீர் அந்த வழியாக வெளிவருகிறது. பல பழைய கோயில்களில் அதை நந்தவனத்துக்குப் பாயும்படி விட்டிருந்தார்கள். அந்த நீரில் பூத்த மலரே மறுபடி இறைவனுக்கு மாலையாயிற்று. ஒருமுறை பயன்பட்ட நீர் இன்னொரு முறையும் பயன்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

நீர்: வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, கசிவைக் கண்டுபிடிப்பது. கழிவறைத் தொட்டியின் மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சில துளிகள் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் நீர் விட வேண்டாம். பிறகு கோப்பையைப் பாருங்கள். நீல நிறம் இறங்கியிருந்தால் உள்ளே கசிகிறது என்று பொருள். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தச் சோதனையை ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

சொட்டும் குழாயின் கீழே ஒரு பாத்திரத்தை ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால் ஆண்டுக்கு 8,760 லிட்டர் போகிறது. எண்ணை ஒரு தாளில் எழுதிக் குழாய்க்கு மேலே ஒட்டுங்கள். குழாய்ப் பணியாளரை அழைப்பதைத் தள்ளிப்போட உங்களுக்கே மனம் வராது.

இரண்டாவது, ஓடும் குழாயை அடைப்பது. எங்கள் வீட்டுக் கைகழுவும் தொட்டிக் குழாயில் ஒரு நிமிடத்தில் 6 லிட்டர் வந்தது. மூன்று நிமிடம் திறந்துவிட்டுப் பல் துலக்கினால் 18 லிட்டர். ஒரு குவளையில் பிடித்துக்கொண்டால் ஒரு லிட்டர் போதும். குழாய் முனையில் பொருத்தும் ‘ஏரேட்டர்’ என்ற சிறு சல்லடை கடைகளில் கிடைக்கிறது. நீருடன் காற்றைக் கலந்து விடுவதால் குறைந்த நீரிலேயே கை கழுவிய நிறைவு வரும். சமையலறைக் குழாய்க்கும் கைகழுவும் தொட்டிக்கும் இது ஏற்றது. வாளி நிரப்பும் குழாய்க்கு வேண்டாம். அங்கே அளவு வாளியிலேயே இருக்கிறது.

மூன்றாவது, குளியல். பூந்தூறல் குழாயின் கீழே நின்றால் எவ்வளவு நீர் போயிற்று என்று தெரிவதில்லை. ஒரு வாளி என்றால் 20 லிட்டர். கண்ணுக்குத் தெரிந்த கணக்கு. தூறல் குழாய் வேண்டும் என்கிற பிள்ளைகளிடம், சோப்புத் தேய்க்கும் நேரத்திலாவது அதை மூடச் சொல்லுங்கள்.

நான்காவது, கழிவறைத் தொட்டி. பழைய தொட்டிகள் ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் வரை கொட்டுகின்றன. இரண்டு பொத்தான்கள் உள்ள புதிய தொட்டிகளில் சிறிய பொத்தானுக்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர் என்ற அளவில் வருபவை உண்டு. பழைய தொட்டியை உடனே மாற்ற இயலாதவர்கள், ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி இறுக மூடி, உள்ளே இருக்கும் மிதவையில் இடிக்காதபடி ஓரமாக வைத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்க வேண்டாம். அது கரைந்து துகள் போய் வால்வைக் கெடுத்துவிடும்.

ஐந்தாவது, கோமுகி வழி. அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவிகளில், ஒரு லிட்டர் நல்ல நீர் கிடைப்பதற்குள் இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறுபவை உண்டு. அந்தக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்கவும், துணியின் முதல் அலசலுக்கும், கழிவறைக்கும் ஆகும். அதில் உப்பு மிகுந்திருப்பதால் துளசிக்கும் மென்மையான செடிகளுக்கும் நாள்தோறும் ஊற்றக் கூடாது. சலவைத்தூள் கலந்த நீரையும் துளசிக்கு விட வேண்டாம். வாசல் தெளிக்க ஒரு வாளி போதும். ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு தெருவையே குளிப்பாட்டுவது கோலத்துக்கு வேண்டியதல்ல.

பிடித்து வைக்கும் நீரை எப்போதும் மூடி வையுங்கள். திறந்த நீரில் கொசு முட்டையிடும். சிக்கனம் செய்யப் போய் டெங்குவை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

ஆறாவது, மழை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய்கள் பல வீடுகளில் இருக்கின்றன. அவை நீரைக் கொண்டுபோகின்றனவா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் உங்கள் மாடியிலிருந்தே பூமிக்குள் அனுப்பலாம். எட்டு லாரி நீருக்கும் மேல்! புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, வடிகுழாயின் வாயில் அடைத்திருக்கும் இலை தழைகளை அகற்றி, வடிகட்டும் தொட்டியில் உள்ள மணலையும் சரளையையும் அலசி மீண்டும் நிரப்புங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு உள்ளே திருப்புங்கள்.

கோயில் குளம் நிரம்பினால் சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகளில் நீர் ஏறும் என்பதைப் பழைய தலைமுறை நன்கு அறிந்திருந்தது. குளத்துக்கு வரும் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பதும் ஒரு திருப்பணியே.

மின்சாரம்: அகல் விளக்கின் பாடம்

நீரை மிச்சப்படுத்தினால் மின்சாரமும் மிச்சமாகும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் யூனிட் செலவாகிறது. எங்கள் வீட்டில் கசிந்த 21,600 லிட்டரையும் மோட்டார்தான் மாடித் தொட்டிக்கு ஏற்றியது. ஓட்டை ஒன்று, நட்டம் இரண்டு.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதை அறிவீர்கள். அதில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட் என்றால், அடுத்த 100 யூனிட் ரூ. 2.25 வீதம், அதற்கடுத்த 200 யூனிட் ரூ. 4.50 வீதம், கடைசி 100 யூனிட் ரூ. 6 வீதம்; ஆக ரூ. 1,725. பயன்பாடு 501 ஆகிவிட்டால் அந்த ரூ. 2.25 என்ற சலுகை விலை மறைந்துவிடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ. 4.50, அடுத்த 100 ரூ. 6, கடைசி ஒரு யூனிட் ரூ. 8. ஆக ரூ. 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை ரூ. 233! விலைகள் பின்னர் மாறிவிட்டன. ஆனால் படிக்கட்டின் இயல்பு இதுதான். எனவே கணக்கெடுப்பாளர் வந்துபோன நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதுங்கள். எல்லையை நெருங்குகிறோம் என்பது முன்னதாகவே தெரிந்துவிடும்.

மின்விசிறியில் தொடங்குவோம். பழைய விசிறிகள் 75 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறிகள் 30 வாட் அளவில் ஓடுகின்றன. நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால், இரண்டு மாதங்களில் 40 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடும் கூடத்து விசிறியை முதலில் மாற்றுங்கள். அதில் மிஞ்சும் பணம் அடுத்ததற்கு உதவும். 60 வாட் குண்டு பல்பு எங்காவது இன்னும் எரிந்துகொண்டிருந்தால், 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே ஒளியைத் தரும்.

குளிர்சாதனப் பெட்டிக்கு வங்கிக்காரர் சோதனை ஒன்று உண்டு. கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடுங்கள். மெல்ல இழுத்தால் தடை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. உள்ளேயுள்ள குளிர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சூடான குழம்பை ஆற வைத்த பிறகே உள்ளே வையுங்கள். பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

ஏ.சி.யைப் பொறுத்தவரை, 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறை ஏ.சி.கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்துள்ளது. அதைக் கீழே இறக்காமல் 26 டிகிரியில் வைத்து, விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உறக்கத்துக்குப் போதுமானது. வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுவது நீங்களே செய்யக்கூடிய பணி.

நீர் சூடாக்கும் கீசர் 2,000 வாட் என்றால் அரை மணிக்கு ஒரு யூனிட். குளிக்கும் முன் போட்டு, நீர் சூடானவுடன் அணைத்துவிடுங்கள். வீட்டார் அடுத்தடுத்துக் குளித்தால் ஒருமுறை சூடாக்கியதிலேயே பலர் முடித்துவிடலாம். தொலைக்காட்சியையும் அதன் பெட்டியையும் கையிலுள்ள கருவியால் அணைத்தால் அவை உறங்குவதில்லை, விழித்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 10 வாட் எடுத்தாலும், நாள் முழுவதும் இணைப்பிலேயே இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவரிலுள்ள விசையை அணைப்பதே முறை.

எரிவாயுவிலும் இதே கணக்குத்தான். பருப்பை முன்கூட்டி ஊற வைப்பது, பாத்திரத்தை மூடிச் சமைப்பது, குக்கரில் ஆவி வந்ததும் தீயைத் தணிப்பது. நம் பாட்டிமார் விறகு அடுப்பில் செய்தவைதாம் இவை. இட்லி வெந்த பிறகு தணலை இழுத்துப்போட்டு, அந்த மிச்சச் சூட்டில் வெந்நீர் வைத்தவர்கள் அவர்கள்.

அகல் விளக்கில் திரி பெரிதானால் எண்ணெய் விரைவில் தீரும். சுடர் நெடிதாகிப் புகையும் வரும். திரியை அளவாக நிமிண்டி விட்டால் ஒளி நின்று நிதானமாக எரியும். மின்சாரத்துக்கும் இதைவிட வேறு பாடம் இல்லை.

எதில் சிக்கனம் கூடாது

இதை நான் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சிக்கனம் என்பது வீணாவதைத் தடுப்பது. தேவையை மறுப்பது அதன் பெயரால் நடக்கக் கூடாது. ஒரு வீட்டில் தட்டுப்பாடு வரும்போது முதலில் தம் பங்கைக் குறைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் பெண்களுமே. வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். ஆகவே குடும்பத் தலைவர்கள் கேட்க வேண்டும். அம்மா இன்று எத்தனை டம்ளர் நீர் குடித்தார்? அப்பா வெந்நீரில் குளித்தாரா? மருமகள் தனக்கென்று ஒரு வாளி நீர் வைத்துக்கொண்டாளா? இந்தக் கேள்விகளைக் கேளாமல் நீர் மிச்சமாயிற்று என்று மகிழ்வது பொய்க் கணக்கு.

இரவில் முதியவர் எழுந்து நடக்கும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். 5 வாட் விளக்கு இரவு பத்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட்தான் ஆகும். அந்த 3 யூனிட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒருமுறை தடுக்கி விழுந்தால் ஆகும் செலவை எந்தக் கட்டணப் பட்டியலும் காட்டாது.

வாசலில் வந்து நீர் கேட்பவருக்கும், மொட்டைமாடியில் வந்து அமரும் காக்கை குருவிகளுக்கும் வைக்கும் நீர் செலவுக் கணக்கில் வராது. அதுவும் பூஜைதான்.

ஒரு சிறு நோட்டு

அந்தக் கோடைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மாடித் தொட்டியை நிரப்ப மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது, மீட்டர் எண் என்ன, எந்தக் குழாய் சொட்டியது, எந்த நாளில் சரிசெய்தோம் என்று எழுதத் தொடங்கினேன். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். “பேங்க் வேலை உன்னை விடலியா?” என்றார். ஆனாலும் சில நாட்களில் அவரே அழைத்துச் சொல்வார்: “எழுதிக்கோப்பா. இன்னிக்குக் கொல்லைக் குழாய் சொட்டுது.” அன்று முதல் அவர் சொன்ன எதையும் நான் ஐயப்பட்டதில்லை. சொன்னவுடன் எழுந்து போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அவருடைய கட்டிலருகே ஒரு லிட்டர் செம்பை நிரப்பி வைத்து, மாலைக்குள் அது இருமுறை காலியாகிறதா என்றும் அதே நோட்டில் குறித்துவந்தேன். மருத்துவர் சொன்ன அளவு அது.

அம்மா இறைவன் திருவடி சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நோட்டு இப்போது நான்காவது. துளசி மாடத்தில் டம்ளர் நீரை விடுகிற வேலையை என் பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு, தொலைக்காட்சியையும் விசிறியையும் அணைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் ஐந்து நிமிடம் பேசாமல் அமருங்கள். இறைவன் நாமத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே, வீட்டில் எங்காவது நீர் ஓடும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். வீட்டிலேயே மூத்தவரிடம், “உங்களுக்கு ஏதாவது கேக்குதா?” என்று கேளுங்கள். அவர் கேட்கிறது என்றால் எழுந்து போய்ப் பாருங்கள்.

எல்லோர் இல்லத்திலும் நீரும் ஒளியும் குறைவற நிலைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக. அடுத்த வாரம் சந்திப்போம்.